கலங்கல்

மழை நின்று இரண்டு நாள்.
கேட் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது.
பூட்டியவள் நான்.

கட்டைவிரலளவு மண்ணெடுத்து
உள்ளங்கையில் உருட்டுவேன்.
உதிர்ந்தால் திறப்பு.
திரியாய் நீண்டால் மூடல்.
இன்று நீண்டது,
மண்புழுபோல் விரலிடுக்கில் நெளிந்தது.

கேட்டுக்கு அந்தப் பக்கம் ஆறு டிரக்,
ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு பைக்.
சேக்ரமென்டோவில் இருட்டோடு கிளம்பி
ஆறிய காபியோடு வந்து நிற்கிறார்கள்.
"வெயில்தான் அடிக்குதே" என்கிறான் ஒருவன்.
அடிக்கிறது.
நான்கு விரல் கீழே
இன்னும் ஜனவரி.

அவர்களில் டெல்மர் கூச்சும் இருக்கிறான்.
போன வருடம் இதே ஈரத்தில்
வேலியைச் சுற்றிப் புகுந்தவன்.
அபராதச் சீட்டை நான் கிழித்துக் கொடுத்தபோது
கையெழுத்தைவிடப் பெரிதாய்ச் சேறு வைத்துத் திருப்பித் தந்தவன்.
அவன் சக்கரம் போட்ட கோடு
முதல் மழையில் கால்வாய்,
மூன்றாவது மழையில் முழங்கால் ஆழம்.

பன்னிரண்டாம் மைல் ஓடையில்
மாதம் இருமுறை நீர் மொள்கிறேன்.
நீளக் குழாய், அதன் அடியில்
கருப்பு வெள்ளை வட்டு.
வட்டு மறையும்வரை ஊற்றவேண்டும்,
மறைந்த இடத்தில் எண்ணைப் படிக்கவேண்டும்.
மேலோடையில் அறுபத்திரண்டு.
தடங்களுக்குக் கீழே ஒன்பது.
ஒன்பது சென்டிமீட்டருக்குள்
உலகம் முடிந்துபோகிறது.
அங்கே கல்லடியில் ஒட்டிக்கிடக்கும்
தவளை முட்டைகள்மேல்
மாவு சலித்ததுபோல் வண்டல்.

அறிக்கையில் எழுதினேன்:
காரணம், பைக் தடங்கள்.
எழுதியபோது பேனா தயங்கவே இல்லை.

"எச்செவெரி, ஒரு நிமிஷம் நடக்கலாமா?"
ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
டெல்மர் முன்னே போனான்.
மான்சனிட்டாப் புதர்கள் சட்டையை இழுத்தன.
எல்லாத் தடங்களுக்கும் மேலே,
தீயணைப்புத் தொட்டிக்குப் போகும் சாலை.
செப்டம்பரில் நான் வெட்டியது.
என் புல்டோசர், என் இரண்டு வாரம்,
வகிடெடுத்ததுபோல் சரிவில் நேர்கோடு.
புகைப்படம்கூட எடுத்து வைத்திருந்தேன்.

சாலையோரக் குழாயின் வாய்
இடுப்பு உயரத்தில் அந்தரத்தில் தொங்கியது.
கீழே மலை பிளந்திருந்தது.
டெல்மர் அதற்குள் இறங்கி நின்றான்.
தோள்வரை மறைந்தான்.
யார் தடம் என்று கேட்கவில்லை.
வேர்நுனி ஒன்றிலிருந்து
சொட்டிக்கொண்டிருந்ததை
இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நேர்கோடு வேண்டாம் என்று
பயிற்சி வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்தவள்.
தண்ணீருக்கு அவசரம் கொடுக்காதீர்கள்,
வளைத்துவிடுங்கள், அங்கங்கே திருப்பிவிடுங்கள் என்று
பலகையில் அம்புக்குறி போட்டவள்.

அன்றிரவு அறிக்கையைத் திறந்து
ஒரு வரியை அடித்தேன்.
அடித்த இடத்தில் வேறொன்றை எழுத
விடிந்துவிட்டது.
அலுவலகம் பதில் போட்டது:
குழாய் மாற்ற அடுத்த ஆண்டு நிதியில் பார்க்கலாம்.

சனிக்கிழமை அவன் நண்பர்கள் மூவரோடு வந்தான்.
பைக் இல்லாமல்.
வைக்கோல் உருளைகளைத் தோளில் சுமந்தார்கள்,
பிளவின் குறுக்கே கல் அடுக்கினார்கள்.
சாலையை மூன்றிடத்தில் நான் வெட்டிச் சாய்த்தேன்.
புல்டோசரைப் பின்னுக்கு எடுக்கையில்
டெல்மர் கையசைத்து வழிகாட்டினான்,
பார்க்கிங்கில் காரை விடுபவனுக்குக் காட்டுவதுபோல.
அபராதத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.
அது ரத்தாகவும் இல்லை.

பத்து நாள் கழித்துக் குழாயில் பதினொன்று.
இரண்டு சென்டிமீட்டர்.
எங்கள் கல்லாலா,
மழை பெய்யாததாலா, தெரியாது.
பதினொன்று என்று மட்டும் எழுதினேன்.

இன்று காலை மறுபடி உருட்டினேன்.
பாதி விரல் நீண்டு
அறுந்தது.
கேட்டுக்கு வெளியே ஒரே ஒரு டிரக்,
எஞ்சின் அணைத்து.
அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை,
உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இன்னொரு சிட்டிகை எடுக்கிறேன்.